அடித்தல் இல்லாத பதிவேடு

குருசாமி சார் முதலில் ஊரைக் கேட்டார்.

"உன்ற ஊரு எதும்மா?"

"போடிமெட்டுப் பக்கம் சார். தேயிலை எஸ்டேட்டு."

"அங்கிருந்து இங்க வர்றதுக்கு எத்தனை பஸ்ஸு?"

"நாலு சார். போடிக்கு இறங்கி, பழநி, பொள்ளாச்சி, பெறகு பாலக்காடு."

"ஆக, கேரளாவுல இருந்து கேரளாவுக்கு வர்றதுக்குத் தமிழ்நாட்டையே சுத்திப்போட்டு வர்றே."

அது அவருக்குப் பிடித்திருந்தது போலும். பேனாவின் மூடியைக் கழற்றினார். மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பதிவேடு விரிந்து கிடந்தது. அதில் பன்னிரண்டாம் எண்ணுக்கு நேராக வேலுத்தாய் என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

"அப்பா?"

"இல்ல சார்."

"இல்லீன்னா?"

"செத்துப்போனாக."

பேனா நின்றது. இரக்கத்தால் நின்றது என்று வேலுத்தாய் நினைத்தாள். அந்தக் கட்டத்தின் தலைப்பு 'தகப்பனார் தொழில்' என்றிருந்ததால்தான் நின்றது என்பதைத் தலைகீழாகப் படித்துத் தெரிந்துகொண்டாள்.

"அம்மா?"

"கொழுந்து எடுக்காக."

"அதை இங்கிலீசுல எப்புடி எழுதறது?"

"செக்ரோல்ல பிளக்கர்னு எழுதுவாக சார்."

செக்ரோல் என்பது எஸ்டேட்டின் பெயர்ப் பட்டியல். அதில் பேர் இருந்தால் வேலை உண்டு; வேலை இருந்தால் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு உண்டு. குருசாமி சாருக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. கட்டம் நிரம்பியது, அவ்வளவுதான்.

"செரி. உனக்கு என்ன தெரியும்?"

பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி அது. ஈர விறகில் அடுப்பு மூட்டத் தெரியும். அட்டை கடித்தால் உப்பு வைக்கத் தெரியும். இவை பதிவேட்டில் ஏறக்கூடியவையாகத் தோன்றவில்லை.

"தமிழு தெரியும் சார். மலையாளமும் தெரியும். அஞ்சு வரைக்கும் எஸ்டேட்டு ஸ்கூல்ல தமிழு. அதுக்கு மேல மலையாளம்."

"ரெண்டும் எழுதுவியா?"

"எழுதுவேன் சார்."

குருசாமி சார் கூரையைப் பார்த்தார். அங்கே ஓடாத மின்விசிறி ஒன்றும் பல்லி ஒன்றும் இருந்தன. இரண்டில் எதனிடமிருந்து உத்தரவு வந்ததோ தெரியாது, குனிந்து கடைசிக் கட்டத்தில் ஒரே வார்த்தை எழுதி, ஊதிக் காயவைத்தார்.

"மொழிபெயர்ப்பாளர்னு எழுதிப்போட்டேன்."

"அப்படி ஒரு வேலை இருக்கா சார்?"

"எழுதியாச்சுல்லம்மா."

"எங்க சார் இருக்கு?"

"அதைத் தேடறதுக்குத்தான் மூணு வருசம் இருக்குதே. அடுத்த ஆளை வரச் சொல்லு."

இப்படியாக 1972 ஜூன் மாதம், பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் சரித்திரத் துறையில், நான்கு நிமிடத்துக்குள் வேலுத்தாயின் எதிர்காலம் மையில் எழுதப்பட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து சில வருஷம் முன்பு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு விரிவுரையாளரும் இருபது மாணவர்களைத் தம் பொறுப்பில் எடுத்து, அவர்களின் நாட்டம் அறிந்து, அறிவுரை கூறி, தொழிலுக்கு ஒரு பாதை காட்ட வேண்டும். அதையெல்லாம் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மற்ற விரிவுரையாளர்கள் பாதையையும் பதிவேட்டையும் சேர்த்தே கைவிட்டார்கள். குருசாமி சார் பாதையை மட்டும் கைவிட்டார்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்கு 'ரிசல்ட்' என்று அச்சாகியிருந்தது. அவர் அதைப் 'பலன்' என்பார். முதல் தொகுதி மாணவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவைத்தார். அவர்கள் படித்து முடித்து என்ன ஆகிறார்கள் என்று பார்த்து எழுதுவதாக எண்ணம். படித்து முடித்தவர்களில் ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. ஆய்வுக் குழு வந்தபோது இருபது கட்டங்களும் வெறிச்சோடிக் கிடக்க, அவருக்கு ஒரு மெமோ கிடைத்தது. அன்றோடு முறையை மாற்றினார். முதல் வாரத்திலேயே பலனை எழுதிவிடுவது. நடப்பது பின்னால் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

சிரிப்பதற்கில்லை. அவர் எழுதிய பலன்கள் பலித்தன. மளிகைக் கடைக்காரர் மகனுக்கு 'வணிகம்' என்றும், வாத்தியார் மகனுக்கு 'ஆசிரியர்' என்றும், பெண் பிள்ளைகளுக்கு 'திருமணம்' என்றும் எழுதினால் பலிக்காமல் எங்கே போய்விடும்? ஊரே அவருக்காக உழைத்தது. தகப்பன்மார்கள் நாயாய் அலைந்து மாப்பிள்ளை தேடினார்கள்; புண்ணியம் பதிவேட்டில் ஏறியது.

வேலுத்தாயின் வகுப்புத் தோழி கௌலத்துக்கும் 'திருமணம்'தான். அவள் அத்தாவுக்குப் பாலக்காட்டு டவுனில் ஜவுளிக் கடை. "எனக்கு சாரு நிக்காஹ் முடிச்சு வச்சுட்டாருடீ" என்றாள் அவள், வெளியே வந்து. "மாப்பிள்ளை பேருக்கு மட்டும் கட்டம் போடல. அதை அத்தா பாத்துக்குவாருன்னு விட்டுட்டாரு போல."

"எனக்கு மொழிபெயர்ப்பாளராம்."

"அப்படின்னா?"

"இவுக பேசறதை அவுகளுக்குச் சொல்றது."

"அதுதான் நம்ம பாவா அண்ணன் பண்றாரே. அவரை எடுத்துட்டு உன்னை வப்பாங்களா?"

கௌலத் சொன்னது வெறும் கிண்டல் அல்ல. அட்டெண்டர் பாவா அந்தக் கல்லூரியின் மெய்யான மொழிபெயர்ப்பாளர். 1969 ஆண்டு விழாவில் பிரின்சிபால், மேடையில் எல்லோர் முன்னிலையிலும், குருசாமி சாரைத் தாவரவியல் விரிவுரையாளர் என்று அறிமுகப்படுத்திவிட்டார். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. பேச வேண்டி வந்தால் நடுவில் பாவா நிற்பார். வேலுத்தாயே ஒருமுறை பார்த்தாள். வராந்தாவில் மூன்றடி இடைவெளியில் இருவரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்து நின்றார்கள்.

"பரீட்சைப் பேப்பர் திருத்தியாச்சான்னு கேக்கறாரு" என்றார் பாவா.

"புதன்கிழமை தந்துர்றேன்னு சொல்லுங்க."

"புதன்கிழமையாம்" என்று பாவா மூன்றடி தள்ளித் திரும்பிச் சொன்னார்.

பிரின்சிபாலுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். குருசாமி சாருக்கு மலையாளம் நன்றாகப் புரியும். பாவாவுக்கு மட்டும்தான் கால் வலி.

இந்தச் சண்டை இல்லாவிட்டால் வேலுத்தாயின் கதை வேறு. ஏனென்றால் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி அச்சாகியிருந்தது: அடித்தல் திருத்தல் எதுவும் பிரின்சிபாலின் சுருக்கொப்பம் இல்லாமல் செல்லாது. பலன் பொய்த்தால் அடிக்க வேண்டும்; அடித்தால் ஒப்பம் வேண்டும்; ஒப்பம் வேண்டுமென்றால் போய்க் கேட்க வேண்டும். செத்தாலும் குருசாமி சார் கேட்க மாட்டார். ஆகவே எழுதியது எழுதியதுதான். மாணவர்கள்தான் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பது பேர் விஷயத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பன்னிரண்டாம் எண் மட்டும் உறுத்தியது. மொழிபெயர்ப்பாளர் வேலை எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அன்று கூரையைப் பார்த்த வேகத்தில் எழுதிவிட்டார். கிளார்க் என்று எழுதியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தூக்கம் போனதால் கடிதம் எழுதினார். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு ட்யூட்டர் வகுப்பு. மற்ற பத்தொன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலுத்தாயை மட்டும் உட்காரவைப்பார். இடுக்கி அப்போதுதான் புது ஜில்லாவாகியிருந்தது. தினம் ஓர் ஆபீஸ் திறந்தார்கள். அத்தனை ஆபீசுக்கும் கடிதம்: தமிழ் மலையாள மொழிபெயர்ப்பாளர் பணியிடம் தங்களிடம் உண்டா, உண்டெனில் எப்போது, இல்லையெனில் ஏன்.

அவர் தமிழில் சொல்வார். மலையாளம் பேச வருமே தவிர, எழுத உட்கார்ந்தால் அந்த வளைவுகள் அவர் கைக்குப் பிடிபடாது. எனவே வேலுத்தாய் மலையாளத்தில் எழுதுவாள். பதில் வந்தால் அதைத் தமிழில் பெயர்த்து அவருடைய கோப்புக்கு ஒரு நகல் தர வேண்டும். 'மேற்படி விஷயத்தில்' என்பதற்கு மலையாள ஆபீஸ்காரர்கள் எழுதும் சொல் எது, 'பரிசீலனையில் உள்ளது' என்றால் குப்பைக்கூடையில் உள்ளது என்று பொருள், 'தகவலுக்காக அனுப்பப்படுகிறது' என்றால் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. இதெல்லாம் அவள் கைக்குப் பழகியது. ஒரு வார்த்தை தவறினாலும் முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதச் சொல்வார். அடித்தல் அவருக்கு ஆகாது.

மூன்று வருஷத்தில் நாற்பத்திரண்டு கடிதங்கள். குருசாமி சார் தம் வாழ்நாளில் உருப்படியாகக் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான். கற்றுக்கொடுக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போனதால்தான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். வகுப்பில் அவர் நடத்திய பானிபட் யுத்தங்கள் மூன்றில் எது யார் யாருக்கு இடையில் நடந்தது என்று வேலுத்தாய்க்கு இன்றுவரை குழப்பம்தான்.

இரண்டாம் வருஷம் கௌலத் இரண்டு விண்ணப்பத் தாள்களோடு வந்தாள். சர்க்கார் கிளார்க் பரீட்சை. "சாரு எழுதினது ஒண்ணு இருக்கட்டும். நாம எழுதறது ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். இருவரும் போய் எழுதினார்கள். அந்தக் கோடையிலேயே கௌலத்துக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. குருசாமி சார் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்து, எட்டாம் எண்ணுக்கு நேராக ஒரு சின்ன டிக் போட்டார். மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்காது.

கடைசி வருஷப் பொங்கலுக்கு வேலுத்தாய் ஊருக்குப் போனபோது அம்மா சின்னத்தாய் விஷயத்தைச் சொன்னாள். மார்ச்சு முப்பத்தொன்றோடு அவளுக்கு வேலை வயசு முடிகிறது. செக்ரோலில் பேர் எடுத்துவிடுவார்கள். எடுக்கிற இடத்தில் பிள்ளை பேரைப் பதியலாம். அது எஸ்டேட் வழக்கம். பதியாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"உன் பேரைச் சொல்லிட்டேன்" என்றாள் சின்னத்தாய். "ஏப்ரல் ஒண்ணுல இருந்து பெரட்டுக்குப் போகணும்."

பெரட்டு என்பது காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம்.

"ஏப்ரல்லதாம்மா எனக்குக் கடைசிப் பரீட்சை."

"படிச்ச படிப்பை யாரும் புடுங்க மாட்டாக. வீட்டைப் புடுங்கிருவாக."

முப்பத்தைந்து வருஷம் மழையில் நின்று கொழுந்து பறித்தவளிடம், 'தகவலுக்காக அனுப்பப்படுகிறது' என்று வந்த பதில்களைக் காட்ட முடியுமா?

அடுத்த வெள்ளிக்கிழமை குருசாமி சாரிடம் சொன்னாள். அவர் பதிவேட்டைத் திறந்து பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்தார்.

"பிளக்கர்னு ஏற்கெனவே ஒரு கட்டத்துல எழுதியிருக்குதேம்மா. ரெண்டாவது தடவை எழுதறதுக்கு எடமில்ல."

பிப்ரவரிக் கடைசியில் நாற்பத்திரண்டாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. மலையில் ஒரு கோர்ட்டில் தமிழ் மனுக்களையும் வாக்குமூலங்களையும் மலையாளத்தில் பெயர்க்க ஆள் தேவை. ஆறு மாதத் தற்காலிக வேலை. மே மாதம் தேர்வு. அதாவது, எஸ்டேட்டுக்கு மார்ச்சில் பதில் சொல்ல வேண்டும், இது ஆகுமா ஆகாதா என்பது ஜூனில்தான் தெரியும்.

"உங்கம்மாகிட்ட நானே வந்து பேசறேன்" என்றார் சார்.

மார்ச்சு இரண்டாம் வாரம், படிப்பு விடுமுறையில் வேலுத்தாய் லயத்தில் இருந்தாள். ஒரு மத்தியானம் போடிமெட்டிலிருந்து ஜீப் ஒன்று வந்து நின்றது. குரங்குக் குல்லாயும், ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டும், கக்கத்தில் பதிவேடுமாகக் குருசாமி சார் இறங்கினார். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"லேபர் ஆபீசரா?" என்றாள் ஒருத்தி.

"கோட்டைப் பாத்தா ஜட்ஜி மாதிரி இருக்கு. குல்லாயைப் பாத்தா மலேரியாக்காரன் மாதிரி இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

உள்ளே உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தார்கள். வழியெல்லாம் அவர் ஒரு பேச்சைத் தயாரித்து வந்திருந்தார். பெண் கல்வி, உழைக்கும் வர்க்கம், பிரெஞ்சுப் புரட்சி என்று மூன்று பகுதிகள். முதல் பகுதியைத் தொடங்குவதற்காகப் பதிவேட்டை மடியிலிருந்து கீழே வைத்தார். சின்னத்தாயின் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"இது எந்த செக்ரோலு சார்?"

"காலேஜுப் பதிவேடுங்கம்மா."

"கவர்மெண்டா?"

"யுனிவர்சிட்டிங்க. கவர்மெண்டுன்னே வெச்சுக்குங்களேன்."

"எம்புள்ள பேரு இருக்கா?"

"இருக்குதுங்க. இதா, பன்னெண்டு." பிரித்துக் காட்டினார்.

சின்னத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. ஆனால் செக்ரோலின் சாயல் தெரியும். இடது பக்கம் பேர், வலது பக்கம் வேலை, மேலே முத்திரை. பேருக்கு மேல் விரலை வைத்துக் கோட்டோடு இழுத்துக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினாள்.

"இங்கன இருக்கது?"

"அதுதானுங்க வேலை. மொழிபெயர்ப்பு."

"எழுதியாச்சா?"

"எழுதி மூணு வருசமாச்சுங்க."

சின்னத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "மூணு வருசமா ஒரு வார்த்தை சொல்லலையேட்டி."

எஸ்டேட்டில் பதிவேடு என்றால் ஒரே அர்த்தம்தான். பேரைப் பெரிய புத்தகத்தில் எழுதிவிட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலை இருக்கும். எழுதிவிட்டு, அப்புறம் வேலையைத் தேடிக்கொண்டு போகிற பதிவேடு ஒன்று உலகத்தில் உண்டு என்று அந்த மலையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதைச் செய்ய அதிகம் படித்திருக்க வேண்டும்.

வேலுத்தாய் அப்போதே சொல்லியிருக்கலாம். 'அம்மா, இது வேலை இல்லை, வேலைக்கு இன்னும் பரீட்சையே எழுதவில்லை' என்று ஒரு வாக்கியம். அம்மாவின் பேச்சுக்கும் சாரின் பேச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இரண்டு பக்கமும் புரிந்தவளும் அவள்தான். மொழிபெயர்ப்பாளர் வேலையில் அவள் சேர்ந்த முதல் நாள் அதுவென்றால், முதல் நாளே வாயை மூடிக்கொண்டாள். குருசாமி சாருக்கோ அது பொய் என்றே படவில்லை. எழுதியாச்சு என்றார், எழுதித்தானே இருந்தது?

மறுநாள் பெரட்டில் சின்னத்தாய் எஸ்டேட் கிளார்க்கிடம் போனாள். "எம்புள்ள பேரு வேண்டாம் சார். அவளுக்குக் கவர்மெண்டு ரோல்லயே பேரு ஏறிருச்சு. எங்கக்கா மக அழகுத்தாய் பேரைப் போட்டுக்கங்க."

முந்தின நாள் சாயங்காலம், பஸ் ஏற நின்ற இடத்தில் குருசாமி சார் குல்லாயைக் கழற்றி மடித்தார். "உங்கம்மா ரொம்ப வெவரமானவங்கம்மா. பிரெஞ்சுப் புரட்சிக்கே போக வேண்டியிருக்கல" என்றார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி அழகுத்தாய் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் லயத்து வீட்டுக்குள் வந்தாள். நல்ல பெண்தான். ஆனால் வீடு ஒரே அறை. சின்னத்தாயின் பாய் அடுப்படிக்கு நகர்ந்தது. பரீட்சை எழுதிவிட்டு வேலுத்தாய் திரும்பி வந்தபோது, அதே அடுப்படியில் அம்மாவின் காலடியில் படுத்தாள். விடிகாலையில் சங்கு ஊதும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "உன் பேரை எப்ப கூப்புடுவாக?"

"இன்னும் கூப்புடலம்மா."

"கவர்மெண்டு சங்கு கொஞ்சம் லேட்டாத்தான் ஊதும்போல."

நாற்பது நாள் இந்தப் பேச்சு நடந்தது. இரண்டு பதிவேடுகளில் ஒன்றில் பேரை எடுத்தாயிற்று. இன்னொன்றில் எழுதியது காற்றில் தொங்குகிறது. தேர்வு போய்விட்டால் அம்மாவிடம் சொல்ல எந்த மொழியிலும் அவளிடம் வார்த்தை இல்லை.

மே மாதம் கோர்ட்டில் பதினோரு பேர் தேர்வு எழுத வந்திருந்தார்கள். பெரும்பாலும் இலக்கியம் படித்தவர்கள். கொடுத்த முதல் தாள், லயத்துக் கூரை ஒழுகுவதாக ஒரு தொழிலாளியின் தமிழ் மனு. மற்றவர்கள் மழையை வருணித்துக்கொண்டிருந்தபோது வேலுத்தாய் 'மேற்படி விஷயத்தில்' என்று தொடங்கி இருபது நிமிடத்தில் முடித்தாள். ஓர் அடித்தல் இல்லை. தாளைப் பார்த்த கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தா, சிரஸ்தார், "இது மனுவா, நம்ம ஆபீசிலிருந்து போன கடிதமா?" என்று மலையாளத்தில் கேட்டார். ஜூன் மாதம் வேலை வந்தது.

குருசாமி சாருக்கு எழுதிப் போட்டாள். பதிலுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. அதில் இரண்டே வார்த்தை: 'பலன் சரி.'

கோர்ட்டில் அவள் வேலை எளிது. எஸ்டேட்காரர்கள் அழுது சொல்வதை அழாமல் எழுத வேண்டும். அழுகையை எந்தப் பாராவில் சேர்ப்பது என்று நாற்பத்திரண்டு கடிதங்களிலும் சொல்லப்படவில்லை, ஆகவே விட்டுவிட்டாள். சாப்பாடும் ஒரு கட்டிலும் சத்திரத்தில். மாதம் ஒருமுறை லயத்துக்குப் போனால் அம்மா இன்னும் அடுப்படியில்தான். தற்காலிக வேலைக்காரிக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஆறு மாதம் டிசம்பரில் முடியும். அதற்குமேல் என்ன என்பதைக் குருசாமி சார் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

அக்டோபரில், கௌலத் வாங்கித் தந்த தாளில் விண்ணப்பித்து எழுதிய பரீட்சையின் பட்டியல் ஒருவழியாக அவள் எண்ணுக்கு வந்து சேர்ந்தது. சர்க்கார் கிளார்க், நிரந்தரம், இரண்டு அறை குவார்ட்டர்ஸ். பதினைந்து நாளில் சேர வேண்டும்.

சேர்வதற்கு நான்கு நாள் இருக்கையில் குருசாமி சார் வந்தார். எமர்ஜென்சி வந்த அந்த வருஷம் எல்லா ஆபீசிலும் எல்லோரும் மணி பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். அவர் அதற்கும் முன்பே வந்து கோர்ட்டு வராந்தாவில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் பதிவேடு.

"நவம்பர் இருவத்தொண்ணுக்கு ஆய்வுக் குழு வருதும்மா" என்றார். "இருவது பேர்ல பத்தொம்பது டிக் ஆயிருச்சு. பன்னெண்டாம் நம்பரைக் கடைசியா வெச்சிருந்தேன். அதுதான் என்ற பதிவேட்டுக்கே மகுடம். கண்ணால ஒருக்கா பாத்துப்போட்டு டிக் போட்டர்லாமுன்னு வந்தேன்."

பேனா மூடியைக் கழற்றினார்.

"சார், நான் திங்கக்கிழமை இங்கேருந்து போறேன். கிளார்க் வேலை வந்திருக்கு."

"கிளார்க்கா" என்றார் அவர், காலில் அட்டை ஏறியதைப் பார்த்தவர் போல. "இது பலிச்ச வேலையாச்சேம்மா."

"இது டிசம்பரோட முடிஞ்சிரும் சார்."

"அங்கயும் இவங்க சொல்றதை அவங்களுக்குத்தான எழுதப்போறே? மொழிபெயர்ப்பாளர்னே வெச்சுக்கலாமல்ல?"

"ஆர்டர்ல கிளார்க்குன்னு இருக்கு சார்."

"நவம்பர் இருவத்தொண்ணு வரைக்கும் மட்டும் இங்க இருந்து போட்டு..."

"பதினஞ்சு நாளுக்குள்ள சேரலைன்னா பேரை எடுத்திருவாக. எங்கம்மா அடுப்படியில படுத்திருக்காக சார்."

மூன்று வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் அவரிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை. "அடிச்சிருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

குருசாமி சார் பதிவேட்டைப் பார்த்தார். அவள் பேர், கொழுந்து எடுக்கும் அம்மா, கூரையைப் பார்த்து எழுதிய அந்த ஒற்றை வார்த்தை. மை கொஞ்சம் மங்கியிருந்தது. சின்னத்தாயின் விரல் ஈரம் பட்ட இடத்தில் ஒரு கறையும் இருந்தது. பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு வார்த்தையின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்து, மேலே கிளார்க் என்று எழுதி ஊதினார்.

"இதுக்கு அவரோட ஒப்பம் வேணுமே சார்" என்றாள் வேலுத்தாய். "பாவா அண்ணன்கிட்டச் சொல்லி..."

"பாவா ஜூன்ல ரிட்டையர் ஆயிப்போட்டாரு. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல."

கோர்ட்டு மணி அடித்தது. மனுக்களோடு வந்தவர்கள் எழுந்து வாசலுக்கு நெருங்கினார்கள். குருசாமி சாரும் எழுந்தார். எழுந்தவர் போகாமல், கோட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நான்காக மடித்திருந்ததைப் பிரித்து, பதிவேட்டின் மேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு கடுதாசி எழுதிக் குடும்மா. பிரின்சிபாலுக்கு. என்ற பேர்ல, மலையாளத்துல. பன்னெண்டாம் நம்பர்ல ஒரே ஒரு அடித்தல் இருக்குது, தயவுபண்ணி ஒப்பம் போடோணும்னு. கொஞ்சம் மரியாதையாவே இருக்கட்டும். தாவரவியல்ங்கற வார்த்தை மட்டும் அதுல எங்கயும் வரவேண்டாம்."